ஃப்ரிட்ஜில் ‘கேஸ் முடிஞ்சி போச்சு’ என்றால் என்ன அர்த்தம்?

போன தை மாதம் ஒரு காலையில் நுவரெலியாவுக்குப் பக்கத்துக் கந்தப்பளையிலிருந்து அக்கா அழைத்தார். “தம்பி, ஃப்ரிட்ஜுல கேஸ் முடிஞ்சி போச்சாம். மேல வச்ச மீனெல்லாம் கொழகொழன்னு கெடக்கு. பாஸ் வந்து பாத்துட்டுப் போனாரு, கேஸ் அடிக்கணும்னு சொல்றாரு.”

பெட்டி வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. அதற்கு முந்தைய தையிலும் ஃப்ரிட்ஜ் திருத்தும் இதே பாஸ் வந்து, கேஸ் அடித்ததாகச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போயிருந்தார். வருடா வருடம் பொங்கல் முடிந்த கையோடு தீர்ந்துபோக அது என்ன கரும்பா?

நம் பக்கத்தில் ஃப்ரிட்ஜ் பேச்சு எங்கே தொடங்கினாலும் கேஸில்தான் போய் நிற்கிறது. குளிரவில்லையா, கேஸ் முடிந்தது. ஐஸ் கட்டவில்லையா, கேஸ் குறைந்தது. கீழே தண்ணீர் தேங்கியதற்கும் கேஸ்தான் காரணம் என்று சாதித்தவரை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை விளங்கிக்கொண்டால், எதை நாமே சரிசெய்யலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும், வந்த ஆளிடம் என்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் தன்னால் பிடிபடும். பௌதிகவியல் படித்திருக்க வேண்டியதில்லை. மலைத்தண்ணீர் கொட்டும் பீலியில் குளித்திருந்தால் போதும்.

ஒரே சொல், இரண்டு கேஸ்

குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. அடுப்படிச் சிலிண்டரில் இருப்பதும் கேஸ், ஃப்ரிட்ஜில் இருப்பதும் கேஸ். சிலிண்டர் கேஸ் எரிந்து தீர்கிறது. 2022ல் இலங்கையில் அதற்காக விடிய விடிய வரிசையில் நின்றவர்கள் நாம். ‘கேஸ் முடிஞ்சது’ என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்கத் தோன்றாது. காசை எடுத்து நீட்டத்தான் தோன்றும்.

ஃப்ரிட்ஜின் கேஸ் எரிவதில்லை, செலவாவதுமில்லை. தொழிற்சாலையில் ஒருமுறை அடைத்துக் குழாயின் வாயை மூடிவிடுகிறார்கள். அதன் பிறகு பெட்டியின் ஆயுள் முழுக்க அதே கேஸ்தான் உள்ளுக்குள்ளேயே சுற்றி வருகிறது. அளவும் சொற்பம். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றில் சில பத்துக் கிராம், கூடினால் நூற்றைம்பது கிராம் மட்டில் இருக்கும். அது குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டை வாளியோடு பீலிக்கு நடையாய் நடப்பது மாதிரி.

புத்தகங்களில் இந்தக் கேஸைக் ‘குளிரூட்டி’ என்பார்கள். நான் கேஸ் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பீலிக்கரையில் ஏன் பல் தட்டுகிறது?

ஆடிக் காற்றில் பீலியில் குளித்துவிட்டுத் துவட்டாமல் நின்று பாருங்கள். தண்ணீருக்கு அடியில் நின்றபோது இல்லாத நடுக்கம், வெளியே வந்து காற்றுப் பட்டதும் பிடித்துக்கொள்ளும். உடம்பில் ஒட்டிய தண்ணீர் ஆவியாகப் பார்க்கிறது. ஆவியாக வேண்டுமானால் அதற்கு வெப்பம் வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் வெப்பம் நம் உடம்புதான். அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. ஊசி போடுமுன் தாதி தடவும் ஸ்பிரிட் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான். ஸ்பிரிட் தண்ணீரைவிட வேகமாக ஆவியாகும், அதனால் குளிரும் கூடுதல்.

இதற்கு மறுபாதி ஒன்று உண்டு. ஆவி மறுபடி திரவமாகும்போது, எடுத்த வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொட்டிவிடும். இடியப்பம் அவிக்கும் பானையின் ஆவி கையில் பட்டால் கொதிதண்ணீரைவிடப் பொல்லாத்தனமாகச் சுடுகிறதே, அது இந்த மறுபாதியின் வேலை.

இந்த இரண்டையும் சேர்த்தால் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. ஒரு திரவத்தைப் பெட்டிக்கு உள்ளே ஆவியாக்கு. அந்த ஆவியை வெளியே கொண்டுவந்து திரவமாக்கு. உள்ளே இருந்த வெப்பம் வெளியே வந்து விழும். குளிர் என்று தனியாக எதையும் ஃப்ரிட்ஜ் தயாரிப்பதில்லை, உள்ளே கிடக்கும் சூட்டை அள்ளி வெளியே போடுகிறது, அவ்வளவுதான். பெட்டியின் பின்பக்கமோ பக்கச் சுவரோ சுடுகிறது என்று பயந்து பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது நீங்கள் வைத்த பால், மீன், கறிச்சட்டி எல்லாவற்றிலிருந்தும் வந்த சூடு. சுடட்டும்.

நுவரெலியாவில் பருப்பு ஏன் வேக மறுக்கிறது?

ஒரு கேள்வி இடிக்கும். தண்ணீரை ஆவியாக்க அடுப்பு வேண்டும். ஐஸ் அறைக்குள் அடுப்பு ஏது? பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில் ஒரு திரவம் எப்படிக் கொதிக்கும்?

பதில் நம் அடுப்பிலேயே இருக்கிறது. கொழும்பில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கிறது. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மேலே ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தலையில் இருக்கும் பாரம் குறைந்தால் தண்ணீருக்கு ஆவியாகத் துள்ளுவது சுலபம். ஆனால் கொதிக்கிற அந்தத் தண்ணீருக்கே சூடு போதவில்லை. பருப்பு வேக நேரமெடுக்கிறது. கொழும்பிலிருந்து வந்த மருமகள் விறகைக் குறை சொல்வார், மாமியார் மருமகளைக் குறை சொல்வார். குற்றவாளி மலை. பிரஷர் குக்கர் இதற்கு நேரெதிர் வேலை செய்கிறது. அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை மேலே ஏற்றுகிறது.

ஆக, ஒரு திரவம் எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பதை அழுத்தத்தால் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன் என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்திலேயே இது பூச்சியத்துக்குக் கீழே 12 பாகையில் கொதிக்கும். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் இன்னும் கீழே. உங்கள் ஐஸ் அறையே அதற்கு அடுப்பு மாதிரி. அங்கே இருக்கும் மீனின் சூடு அதைக் கொதிக்கவைக்கப் போதும்.

கூடை, கொழுந்து, மடுவம்

இப்போது முழுச் சுற்றையும் பார்ப்போம். கொழுந்தெடுக்கும் ஓர் அம்மா மலையில் கூடையை நிரப்புகிறார். நிறுவைக் கொட்டகையான மடுவத்துக்கு வந்து நிறுத்துக் கொட்டுகிறார். வெறுங்கூடையோடு திரும்ப மலைக்குப் போகிறார். அந்திவரை எத்தனை கிலோ இறங்கினாலும் கூடை அதே கூடைதான். ஃப்ரிட்ஜில் கொழுந்து என்பது வெப்பம், கூடை என்பது கேஸ். ‘கூடை தீர்ந்துபோச்சு’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம், இல்லையா?

கூடை நிரம்பும் மலைதான் ஆவியாக்கி. ஐஸ் அறையைச் சுற்றியோ அதன் பின்சுவருக்குள்ளோ ஓடும் அலுமினியக் குழாய் அது. குறைந்த அழுத்தத்தில் கேஸ் இங்கே கொதித்து, வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

அங்கிருந்து ஆவியை உறிஞ்சி இழுப்பது கம்ப்ரசர். பின்னால் அடியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் குண்டு. ஒரு பக்கம் உறிஞ்சுவதால் ஆவியாக்கியில் அழுத்தம் குறைந்தே இருக்கிறது. மறுபக்கம் அதே ஆவியை நெருக்கித் தள்ளுவதால் அங்கே அழுத்தமும் சூடும் ஏறுகின்றன.

நெருக்கப்பட்ட சூடான ஆவி போய்ச் சேரும் மடுவம்தான் ஒடுக்கி. பழைய பெட்டிகளில் முதுகில் கறுப்புக் கம்பி வலையாகத் தெரியும். புதியவற்றில் பக்கச் சுவருக்குள் ஒளிந்திருக்கும். இங்கே வெப்பத்தை அறைக் காற்றில் கொட்டிவிட்டு, கேஸ் திரவமாகிறது.

கடைசியாக மயிர்த்துளைக் குழாய். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த செப்புக் குழாய். அதற்குள் நெருக்கியடித்து நுழைந்து மறுபக்கம் வந்ததும் அழுத்தம் சட்டென்று விழுகிறது, கேஸ் மறுபடி கொதிக்கத் தயார். வெறுங்கூடை மலைக்குத் திரும்பிவிட்டது.

இந்த நான்குக்கும் மேலே ஒரு கங்காணி உண்டு: தெர்மோஸ்டாட். பெட்டிக்குள் எவ்வளவு குளிர் என்று பார்த்து, போதாவிட்டால் கம்ப்ரசரை ஓடச் சொல்லும், போதுமென்றால் நிறுத்தும். 1 முதல் 7 வரை எண் போட்ட அந்தத் திருகியை 7க்குத் திருப்பினால் சீக்கிரம் குளிரும் என்று நினைக்கிறோம். கிடையாது. பஸ்காரரிடம் வேகமாகப் போகச் சொல்வதற்கும், ஹட்டனில் நிற்காமல் தலவாக்கலை வரை போகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம். எண்ணைக் கூட்டினால் தூரம்தான் கூடும், வேகம் கூடாது.

இதுவரை சொன்னது: ஃப்ரிட்ஜ் வெப்பத்தை உள்ளிருந்து வெளியே சுமக்கிறது. சுமக்கும் கூடை கேஸ். அது மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, தேய்வதில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட் சொல்கிறது.

குளிரான ஊரில் ஃப்ரிட்ஜ் ஏன் குழம்புகிறது?

அக்காவின் மீனுக்கு வருவோம். இது கொழும்புக்காரர்களுக்கு வராத கோளாறு, அதனால்தான் பாஸ்மாருக்கும் பிடிபடாமல் போகிறது.

பல இரண்டு கதவுப் பெட்டிகளில் ஒரே கம்ப்ரசர்தான், தெர்மோஸ்டாட்டும் ஒன்றுதான். அந்தத் தெர்மோஸ்டாட் பார்ப்பது மரக்கறி வைக்கும் கீழறையை. மேலே ஐஸ் அறையில் என்ன நடக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. கீழே சூடேறினால் கம்ப்ரசர் ஓடும். அந்த ஓட்டத்திலேயே மேலேயும் குளிர்ந்துவிடும் என்பது கணக்கு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கீழறை 5 பாகையில் இருக்க வேண்டும், ஐஸ் அறை பூச்சியத்துக்குக் கீழே 18ல். கொழும்பில் அறைச் சூடு 30 என்றால், கீழறைக்கும் வெளிக்கும் வித்தியாசம் 25. ஐஸ் அறைக்கும் வெளிக்கும் வித்தியாசம் 48. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகத்தில் வெப்பம் சுவர் வழியே உள்ளே கசியும்.

இப்போது கந்தப்பளையில் தை மாத இரவு. வீட்டுக்குள் 12 பாகை. கீழறை வித்தியாசம் 7தான், கொழும்பின் கால்பங்குக்குக் கொஞ்சம் கூட. ஐஸ் அறை வித்தியாசம் 30, கொழும்பின் பாதிக்கும் மேல். கீழே சூடு ஏறுவதே இல்லை. தெர்மோஸ்டாட், எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று கம்ப்ரசரைத் தூங்கவிடுகிறது. மேலே ஐஸ் அறை கம்ப்ரசருக்காகக் காத்துக் காத்து இளகுகிறது. வெளியே தேயிலைச் செடியில் பனி அடித்துக் கொழுந்து கருகுகிற ராத்திரியில் உள்ளே ஐஸ்கிரீம் உருகுகிறது.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். பெட்டியில் ஒட்டியிருக்கும் சின்னத் தாளில் காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். ‘டி’ (T) என்றால் வெளியே 16 முதல் 43 பாகை வரை ஒழுங்காக வேலை செய்யும் என்று அர்த்தம். ‘எஸ்டி’ (ST) 16 முதல் 38. ‘என்’ (N) 16 முதல் 32. ‘எஸ்என்’ (SN) மட்டும் 10 வரை இறங்கும். சூடான நாட்டுக்கென்று செய்த பெட்டி பெரும்பாலும் ‘டி’யாக இருக்கும். நம் மலை ராத்திரிக்கு அது கையெழுத்துப் போடவே இல்லை. பழைய ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் தெர்மோஸ்டாட் ஐஸ் அறைக் குழாயையே தொட்டுக்கொண்டு இருப்பதால் இந்தத் தொல்லை அவ்வளவாக வராது. அதனால்தான் ‘அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ் மாதிரி வராது’ என்ற புலம்பலில் மலையகத்தில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

சரி, உண்மையாகவே கேஸ் கசிந்ததா, குளிர்தான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காதை வைத்துக் கேளுங்கள். கேஸ் குறைந்த ஃப்ரிட்ஜ் ஓய்வொழிச்சல் இல்லாமல் ஓடும். எவ்வளவு ஓடினாலும் ஒடுக்கி சரியாகச் சூடேறாது. ஐஸ் அறையின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்திருக்கும். குளிரில் குழம்பிய ஃப்ரிட்ஜ் ஓடவே ஓடாது.

அக்காவிடம் அதைத்தான் கேட்டேன். “சத்தமே இல்லியே தம்பி, நல்லா அமைதியா இருக்கு” என்றார், அது ஏதோ பெருமை மாதிரி. வெதுவெதுப்பான தண்ணீர் போத்தல் ஒன்றைக் கீழறையில் வைத்துக் கதவை மூடச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்துத் தொலைபேசியிலேயே எனக்குக் கேட்டது: உர்ர்ர்ர். கம்ப்ரசரும் நலம், கேஸும் இருக்கிறது.

பெட்டி இருந்த இடம் இஸ்தோப்பு, அதாவது முன் விறாந்தை. ஒரு பக்கம் பலகைத் தட்டி, இடுக்கெல்லாம் காற்று. அதை அடுப்படியை ஒட்டிய உள்ளறைக்கு மாற்றி, மாரி முடியும் வரை திருகியை இரண்டு எண் கூட்டி வைக்கச் சொன்னேன். சில மாதிரிகளில் குளிர்காலத்துக்கென்றே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில் லேசாகச் சூடு உண்டாகி அதை ஏமாற்றும். கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

சுருக்கமாக: அறை 16 பாகைக்குக் கீழே போனால் ஐஸ் அறை இளகலாம். அது கோளாறு அல்ல. நிற்காமல் ஓடினால் கசிவைச் சந்தேகியுங்கள். ஓடாமலே இருந்தால் முதலில் அறையின் குளிரைச் சந்தேகியுங்கள்.

நாமே செய்யக்கூடியவை

எதைத் தொடுமுன்னும் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் போதாது. கால் நனைந்திருக்கக் கூடாது, செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று பிடிக்கிறதா? அப்படியானால் பூமிக்கம்பி இல்லை அல்லது எங்கோ மின்சாரம் கசிகிறது. தோட்டத்து வரிசை வீடுகளான பழைய லயக் காம்பராக்களில் இது சகஜம். அதற்கு மின்தொழிலாளிதான் வர வேண்டும், அதுவரை பெட்டியை ஓட்ட வேண்டாம்.

ஒடுக்கி கம்பி வலையாக வெளியே தெரிந்தால் வருடத்துக்கு இரண்டு தரம் மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். விறகடுப்பு உள்ள வீட்டில் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அதில் கம்பளி மாதிரி அப்பிக்கொள்ளும். மடுவத்தை மூடிவிட்டால் கொழுந்தை எங்கே கொட்டுவது? சுவருக்கும் பெட்டிக்கும் நான்கு விரல் இடைவெளி வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் பிள்ளைகளின் பாடசாலைக் காலுறையை அந்தக் கம்பியில் காயப்போடுவது நம்மூர் வழக்கம். ஹட்டன் பக்கம் ஆனி, ஆடியில் வேறு வழியும் இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் காலுறை காய்கிற ஒவ்வொரு மணி நேரமும் கம்ப்ரசர் கூடுதலாக மூச்சு வாங்குகிறது.

கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டியைச் சோதிக்க ஒரு இருபது ரூபாய் நோட்டு போதும். நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். இழுவை இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றுப் போகிறது. நம் பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே போய்ப் பனிக்கட்டியாகப் படியும், ரப்பரில் கறுப்புப் பூஞ்சணமும் பிடிக்கும். இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரால் மடிப்புக்குள் எல்லாம் துடையுங்கள். வளைந்திருந்தால் சுடுதண்ணீரில் பிழிந்த துணியை ஒற்றி, கதவை மூடி ஓர் இரவு விட்டால் பல சமயம் நேராகிவிடும்.

மரக்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. கீழறையின் பின்சுவர் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். சுவரில் உருகும் பனி அதன் வழியே வடிந்து, கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் விழுந்து அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். லீக்ஸ் இலை, போஞ்சித் துண்டு ஏதாவது அடைத்துக்கொள்ளும். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி மெதுவாகக் குத்தி, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினால் தீர்ந்தது. செலவு ஒரு ஈர்க்கு.

ஐஸ் படியாத ‘நோ ஃப்ரொஸ்ட்’ வகைப் பெட்டியில் ஐஸ் அறை குளிர்ந்தும் கீழறை மட்டும் குளிரவில்லையா? இந்த வகையில் ஆவியாக்கி பின்சுவருக்குள் மறைந்திருக்கும். ஒரு காற்றாடி குளிர்காற்றைக் கீழே அனுப்பும். அவ்வப்போது ஒரு சூடேற்றி பனியை உருக்கிவிடும். உருக்கும் வேலை நின்றால் பனி வளர்ந்து காற்று வழியை அடைத்துவிடும். பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, கதவுகளைத் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் பழைய கதை திரும்பினால் கோளாறு அந்த உருக்கும் பகுதியில். பாஸிடம் அப்படியே சொல்லுங்கள், அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கரண்ட் போய் உடனே வந்தால் ஃப்ரிட்ஜை உடனே ஓடவிடாதீர்கள். கம்ப்ரசர் நின்ற கணத்தில் ஒரு பக்கம் அழுத்தம் கூடியபடியே இருக்கும். அது மயிர்த்துளைக் குழாய் வழியே சமப்பட நான்கைந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் ஓடச் சொல்வது, நிறை கூடையோடு செங்குத்தில் நிற்பவரை ஓடச் சொல்வது போல. 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில் பலர் இதை நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டார்கள். தாமதம் வைத்த வோல்டேஜ் கார்ட் ஒன்று வாங்கிப் போட்டால் அது தானாகவே காத்திருந்து விடும், வழக்கமான 230 வோல்ட்டை விட மிகவும் இறங்கினாலும் துண்டித்துவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் பிளக்கையே கழற்றுவது நல்லது.

‘ம்ம்ம்… டிக்’ என்று சில நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்கிறதா? கம்ப்ரசர் எழும்பப் பார்த்துத் தோற்கிறது. வோல்டேஜ் குறைவாக இருக்கலாம், அல்லது கம்ப்ரசரின் பக்கவாட்டில் இருந்து அதைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டிங் ரிலே போயிருக்கலாம். ரிலே தீப்பெட்டி அளவுச் சாமான், விலையும் குறைவு. ‘கம்ப்ரசர் போச்சு’ என்று யாராவது சொன்னால், ரிலேயை மாற்றிப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வளைந்த மலைப்பாதையில் லொறியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த பெட்டியை நிமிர்த்தி, சில மணி நேரம் கழித்தே போடுங்கள். கம்ப்ரசர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும், இறங்கி வர நேரம் வேண்டும்.

கை வைக்கக் கூடாத இடம்

எங்கள் வீட்டு முதல் ஃப்ரிட்ஜைக் கொன்றது நான்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம். அம்மா லயத்துப் பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் விற்றுக்கொண்டிருந்தார். ஐஸ் அறையில் பனி கல்லாகி, பக்கட்டுகள் அதில் ஒட்டிக்கொண்டன. உருகும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. தேங்காய் உடைக்கும் கத்தியின் நுனியால் நெம்பினேன். முதல் பக்கட் வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதற்கு நெம்பியபோது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய பெருமூச்சு, விரலில் ஊசி குத்தியது போல் ஒரு ஜில்லிப்பு. பத்து வினாடி இருக்கும், அமைதியாகிவிட்டது. பெட்டி ஓடிக்கொண்டேதான் இருந்தது. மறுநாள் காலையில் பக்கட்டெல்லாம் வர்ணத் தண்ணீராகக் கிடந்தன.

ஐஸ் அறைச் சுவரே ஆவியாக்கி; அந்த அலுமினியம் மெல்லியது. கத்தி, ஸ்க்ரூட்ரைவர், கரண்டிக் காம்பு எதுவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றி, சுடுதண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஒரு பிளேன்டீ குடியுங்கள். தானாகப் பெயர்ந்து வரும்.

குழாயை வெட்டுவது, பற்றவைப்பது, கேஸ் அடிப்பது, இவை மூன்றும் வீட்டு வேலையே இல்லை. பழைய பெட்டிகளில் ஆர் 12 என்ற கேஸ் இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987ன் மொன்றியல் உடன்படிக்கை வழியே உலகம் முழுக்கக் கைவிடப்பட்டது. பிறகு ஆர் 134ஏ வந்தது. இப்போது பரவலாக இருப்பது ஆர் 600ஏ, அதாவது மேலே சொன்ன ஐசோபியூட்டேன். ஓசோனுக்குத் தீங்கில்லை. ஆனால் இது சிலிண்டர் கேஸுக்குச் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். கம்ப்ரசரில் மஞ்சள் முக்கோணத்துக்குள் சுடர் வரைந்த படம் ஒட்டியிருந்தால் அது இந்த வகை. சில பத்துக் கிராம்தான் என்பதால் ஒழுங்காக மூடியிருக்கும்வரை பயப்பட ஒன்றுமில்லை. குழாய் உடைந்தால் மட்டும் ஜன்னலைத் திறங்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள், சுவிட்ச் எதையும் தட்டாதீர்கள்.

பாஸ் வந்தால் என்ன கேட்பது?

உண்மையிலேயே கசிவு என்று வந்துவிட்டால், முதல் கேள்வி: ஓட்டை எங்கே? காட்டச் சொல்லுங்கள். குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவு தெரியும், அல்லது சவர்க்கார நுரை தடவினால் குமிழி விடும். ஓட்டையைக் காட்டாமல் கேஸ் அடிக்க வருகிறவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடலாம்.

அடுத்து, எந்தக் கேஸ், எத்தனை கிராம்? இரண்டும் பெட்டியின் தாளில் அச்சிட்டிருக்கும். தராசில் நிறுத்துத்தான் அடிக்க வேண்டும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு.

கடைசியாக, வெற்றிடம் எடுத்தீர்களா? திறந்த குழாய்க்குள் காற்றும் ஈரமும் நுழைந்திருக்கும். வெற்றிடப் பம்பால் அவற்றை முழுக்க உறிஞ்சிய பிறகே கேஸ் போக வேண்டும். ஒரு துளி ஈரம் தங்கினால் மயிர்த்துளைக் குழாயின் வாயில் போய் உறைந்து வழியை அடைத்துக்கொள்ளும். இரண்டு நாள் குளிர்ந்து மூன்றாம் நாள் நின்றுபோகும் ‘ரிப்பேர்’களில் பல இப்படித்தான்.

மாசி கடைசியில் கந்தப்பளைக்குப் போயிருந்தேன். உள்ளறையில் ஃப்ரிட்ஜ், மேலே ஐஸ் அறையில் மீன் கல்லாக இருந்தது. சுவரில் அக்காவின் மகள் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறாள். தை 20ம் திகதி விடியற்காலை இஸ்தோப்பில் 9, உள்ளறையில் 17. அக்கா மீனை எடுத்துத் தட்டில் தட்டிக் காட்டினார். டங்கென்று சத்தம். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, “ஃப்ரிட்ஜு இப்ப நல்லா வேல செய்யுதா?” என்று கேட்டார்.

“ஆமா, போன வருஷம் பாஸ் கேஸ் அடிச்சாரில்ல. அதான் இப்பவும் நிக்குது” என்றார் அக்கா.